எந்தப் பக்கம் மேல்

அந்தச் சாட்டிலைட் வானத்துக்குப் போகவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காட்டாங்குளத்தூரில் ஒரு காலேஜ் மேசை மேல் உட்கார்ந்து சத்தம் கொடுத்தது. அவ்வளவுதான் அது போன தூரம். அந்த மேசைக்குப் போய்ச் சேருவதே பெரும்பாடாக இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது இருக்கும். தாம்பரம் சானடோரியம் பக்கத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சால்டரிங் வேலை. படிப்பு எட்டாவதோடு சரி. போர்டு வரும், ஈயம் வைப்பேன், தள்ளிவிடுவேன். லைனில் பேச்சு கிடையாது. கேள்வியும் கிடையாது. ஒருத்தி கேள்வி கேட்டால் அவளுக்குப் பின்னால் இருக்கிற பதினைந்து பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அதனால் கேட்காமலே வேலை செய்யப் பழகிவிட்டேன்.

வீடு பொழிச்சலூரில். எதிர்வீட்டு மாடியில் ஒரு குடும்பம் இருந்தது. அவர்கள் பெண் இன்ஜினியரிங் கடைசி வருஷம். தடித்த கண்ணாடி போட்டிருப்பாள். ஒரு நாள் முதல் ஷிஃப்ட் முடிந்து வந்து நான் காபி போட்டுக்கொண்டிருந்தபோது, கையில் ஒரு போர்டோடு வாசலில் நின்றாள்.

"அக்கா, உங்களுக்கு சால்டரிங் நல்லா வரும்னு அம்மா சொன்னாங்க. இதைக் கொஞ்சம் பாருங்களேன்."

வாங்கிப் பார்த்தேன். ஈயம் பளபளப்பில்லாமல் கட்டிக் கட்டியாக நின்றது.

"யாரு வெச்சது?"

"நாங்கதான். நல்லா இல்லையா?"

"எறும்பு மொய்ச்ச வெல்லம் மாதிரி கீது."

கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அதனால்தான் அவளை உள்ளே வரச் சொன்னேன்.

"இன்னா இது? ரேடியோவா?"

அவள் வாயைத் திறந்தாள். மேலே ஒரு விமானம் இறங்கியது. எங்கள் தெருவில் விமானம் வந்தால் பேச்சை அப்படியே நிறுத்தி வைப்போம். போன பிறகு விட்ட இடத்தில் எடுப்போம்.

"இன்னா சொன்ன?"

"சாட்டிலைட் அக்கா."

என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு ஏர்போர்ட்டில் சரக்கு ஏற்றுகிற வேலை.

"ஏம்மா, அத மாடிலேர்ந்து வுடுவியா? சொல்லிட்டு வுடு. நான் ஏத்தற பிளேனு அந்தப் பக்கந்தான் போவுது."

"வுடமாட்டேன் அண்ணா. இது மாடல்தான். மேசை மேல வெச்சுக் காட்டணும்."

அவள் விளக்கமாகச் சொன்னாள். ஐந்து மாணவர்கள் சேர்ந்து செய்கிற கடைசி வருஷ ப்ராஜெக்ட். பிஸ்கட் டின் அளவு பெட்டி. உள்ளே ஐந்து போர்டு, ஒன்றின் மேல் ஒன்றாக. ஒன்று பேட்டரிக்கு, ஒன்று கணக்குப் போட, ஒன்று சூடு பார்க்க, ஒன்று வெளிச்சத்திலிருந்து கரண்ட் எடுக்க, ஒன்று ரேடியோ. எல்லாம் ஒரே அளவு. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி கனெக்டர்.

"எதுக்கு மேல எது வேணா வெக்கலாம் அக்கா. ஒண்ணு கெட்டுப்போனா அதை மட்டும் எடுத்துட்டு வேற செருகலாம். டிபன் கேரியர் மாதிரி."

எனக்குப் புரிந்துவிட்டது. அதற்கு மேல் அவள் சொன்ன இங்கிலீஷ் எல்லாம் எனக்குத் தேவைப்படவில்லை.

நாலு போர்டு என்னிடம் வந்தது. ஐந்தாவது வரவில்லை. அது ரேடியோ போர்டு. பள்ளிக்கரணையிலிருந்து மொபெட்டில் வருகிற ஒரு நெட்டைப் பையனுடையது. அவளோடு படிக்கிறவன். ஈயமும் தானே வைப்பேன் என்றான். நான் அதைப் பார்க்கக் கை நீட்டினால்கூடப் பின்னால் இழுத்துக்கொள்வான்.

"அவன் அதைக் குழந்தை மாதிரி வெச்சிருக்கான் அக்கா. யாரும் தொடக்கூடாது" என்றாள் அவள்.

"குளிப்பாட்டறானா?"

"அது ஒண்ணுதான் பாக்கி."

தினமும் சாயந்திரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். கம்பெனி வேலை போல இல்லை. அங்கே ஒரே போர்டு நூறு தடவை வரும். இங்கே நாலும் நாலு விதம். பிடித்திருந்தது. சின்ன சாமான்கள் எல்லாம் ஆறு நாளில் முடிந்தன. கடைசியாகக் கனெக்டர் வந்தது. ஒரு விரல் நீளம். ஒரு பக்கம் ஓட்டைகள், மறு பக்கம் முள் மாதிரி நாற்பது கால். கால் போர்டைத் துளைத்து மறுபக்கம் வரும். அடுத்த போர்டின் கனெக்டர் ஓட்டையில் போய் உட்காரும். அடுக்கு நிற்பதே இதில்தான்.

அன்று அவளுக்கு அவசரம். மாடியிலிருந்தபடியே கத்தினாள்.

"அக்கா, கனெக்டர் மேல் பக்கம்! நாலுக்கும் மேல் பக்கம்!"

"சரி."

மேல் பக்கம் போட்டேன். போர்டு இரண்டு பக்கமும் செம்பு, ஓட்டைக்குள்ளும் பூச்சு. எந்தப் பக்கம் போட்டாலும் ஈயம் பிடிக்கும். நன்றாகவே பிடித்தது. நாலுக்கும் நூற்று அறுபது கால். ஒன்றுகூட மங்கவில்லை.

அடுத்து வந்த சனிக்கிழமை அவளும் அந்த நெட்டைப் பையனும் என் வீட்டுக்கு வந்தார்கள். திங்கட்கிழமை காலை காலேஜில் வைவா. வெளியிலிருந்து ஒரு எக்ஸாமினர் வருகிறார். பெட்டி சத்தம் கொடுத்தால் ப்ராஜெக்ட் உண்டு. இல்லையென்றால் ஐந்து பேருக்கும் அந்த வருஷம் பட்டம் இல்லை. அவளுக்குப் பெங்களூரில் வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. ஜூலையில் பட்டத்தைக் காட்டினால்தான் சேர்த்துக்கொள்வார்கள். அதை அவள் சொல்லவில்லை. அவள் அம்மா சொன்னது.

தரையில் பேப்பர் விரித்து அடுக்கினார்கள். என் நாலு போர்டும் டக் டக்கென்று உட்கார்ந்தன. ஐந்தாவதாக ரேடியோ போர்டு. அது நேராக வைத்தால் சேரவில்லை. பையன் அதை அரைச் சுற்று சுற்றினான். உட்கார்ந்தது. ஸ்விட்சில் கை வைத்தான்.

ஒவ்வொரு போர்டிலும் கனெக்டரின் முதல் காலுக்குச் செம்பைச் சதுரமாக விட்டிருப்பார்கள். மற்ற காலுக்கெல்லாம் வட்டம். என் கண் முதலில் அந்தச் சதுரத்துக்குத்தான் போகும். குனிந்து பக்கவாட்டில் பார்த்தேன். நாலு போர்டில் சதுரம் ஒரே மூலையில் இருந்தது. ரேடியோ போர்டில் எதிர்மூலையில் இருந்தது.

"கையை எடு" என்றேன்.

"ஏன் அக்கா?"

"எடுடா."

எடுத்தான். மூலையைக் காட்டினேன். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"போட்டிருந்தா?" என்றாள் அவள்.

"பேட்டரி நேரா ரேடியோல ஏறியிருக்கும். புகைதான்" என்றான்.

எல்லாவற்றையும் பிரித்து வரிசையாக வைத்தோம். அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அவன் போர்டில் சாமான் இருக்கிற பக்கம் கனெக்டர் இருந்தது. என் நாலிலும் ஈயம் இருக்கிற பக்கம் இருந்தது.

"அக்கா, மேல் பக்கம்னு சொன்னேனே" என்றாள் அவள்.

"மேலதான் போட்டேன்."

"இது கீழ் பக்கம்க்கா."

"ஈயம் வெக்கற பக்கம் மேல."

"சாமான் இருக்கற பக்கம்தானே மேல?"

"யாருக்கு?"

நான் சொன்னேன். கம்பெனியில் சாமான் செருகுகிறவர்கள் வேறு லைன். அவர்கள் செருகி முடித்துக் கவிழ்த்துத்தான் எங்களுக்கு அனுப்புவார்கள். எங்கள் கைக்கு வரும்போது ஈயம் வைக்கிற பக்கம்தான் எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். எங்களைப் பார்க்கிற பக்கம் மேல். ஏழு வருஷமாக அதுதான் மேல்.

"ரெண்டு பேரும் மேல போய்த் தீத்துக்கங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

யாரும் சிரிக்கவில்லை. பையன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

நான் யோசித்தேன். தப்பில் பாதி என்னுடையது. முதல் போர்டை முடித்ததும் எதிர்வீட்டுக்குப் போய், இப்படித்தானா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பத்து அடி தூரம். கேட்கவில்லை. கேட்டால் லைன் நிற்கும் என்கிற பழக்கம். இங்கே எந்த லைன் நின்றிருக்கும்?

"நாலையும் கழட்டிடலாம்" என்றான் பையன். "இன்னைக்கும் நாளைக்கும் உக்காந்து கழட்டிடலாம்."

"நாலுக்கும் நூத்தி அறுவது காலு. கழட்டசொல்ல ஒரு காலு முரண்டு பண்ணா செம்பு பேந்துக்கும். செம்பு பேந்துகிச்சின்னா போர்டு பேஜார்."

"புது போர்டு அடிக்க ஒரு வாரம் ஆகும்" என்றாள் அவள். குரல் இறங்கிவிட்டது.

நான் நாலு போர்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

"நாலும் ஒரே மாதிரிதான கீது?"

"ஆமா. நாலும் ஒரே மாதிரி தப்பு" என்றான் அவன்.

"அப்ப அதுங்களுக்குள்ள சண்ட இல்லையே."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி அவன் மடியைப் பார்த்தாள். ரேடியோ போர்டு அங்கேதான் இருந்தது. அவன் அதை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

"ஏய், என்னோடதுதான் கரெக்ட்!"

"ஆமாடா. நீ ஒருத்தன்தான் கரெக்ட். அதான் பிரச்சனையே."

"கரெக்டா இருக்கறதைக் கழட்டித் தப்பா மாட்டச் சொல்றியா?"

"நாப்பது காலுதான். நூத்தி அறுவது இல்ல" என்றேன்.

அவன் அரை மணி நேரம் வேறு வழி தேடினான். நடுவில் ஒயர் போட்டு இணைக்கலாமா என்றான். பெட்டியில் அதற்கு இடமில்லை என்றாள் அவள். கடைசியில் போர்டை என்னிடம் நீட்டினான். நீட்டினான், விடவில்லை. நான்தான் இழுத்து வாங்கினேன்.

"அக்கா, இது ஒண்ணுதான் இருக்கு."

"தெரியும்."

"கனெக்டரும் இது ஒண்ணுதான். நாளைக்கு ரிச்சி தெருக் கடையெல்லாம் லீவு."

"தெரியும். நாஷ்டா துன்னுட்டு காலைல வா."

ஞாயிற்றுக்கிழமை காலை சர்ச்சில் முதல் பூசைக்குப் போய்விட்டு வந்தேன். சாமியிடம் வேறு எதுவும் கேட்கவில்லை. செம்பு பெயரக் கூடாது என்று மட்டும் கேட்டேன்.

டிவி ஆன்டெனா ஒயரை உரித்தால் உள்ளே செம்புக் கம்பி பின்னல் போல இருக்கும். அதில் ஈயத்தை ஓட வைக்கிற பிளக்ஸ் பசையைத் தடவிக் காலின் மேல் வைத்துச் சூடு காட்டினால், பின்னல் ஈயத்தைக் குடித்துவிடும். குடித்த இடத்தை வெட்டிப் போட்டுவிட்டு அடுத்த காலுக்குப் போக வேண்டும். ஒரு காலுக்கு மூன்று எண்ணும் நேரம்தான் சூடு காட்டலாம். கூடினால் செம்பு எழும். குறைந்தால் ஈயம் உள்ளே நிற்கும்.

வீட்டுக்காரர் போர்டை இடுக்கியால் பிடித்துக்கொண்டார். பேசக் கூடாது என்று சொல்லியிருந்தேன்.

"மூச்சு வுடலாமா?" என்றார்.

"அந்தப் பக்கம் திரும்பி வுடு."

விமானம் வந்தபோதெல்லாம் கையை எடுத்துவிட்டேன். அந்தச் சத்தத்தில் மேசை அதிரும். பையன் என் பின்னால் நின்று கால்களை எண்ணிக்கொண்டிருந்தான். பத்து. பதினைந்து. இருபது. அவள் அவன் சட்டையைப் பிடித்துத் ஆடாமல் நில் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

முப்பத்தெட்டு காலும் ஒழுங்காக விட்டுவிட்டன. முப்பத்தொன்பதாவது முரண்டு பிடித்தது. இரண்டாம் தடவை சூடு காட்டினேன். காலோடு செம்பு வட்டம் எழுந்துவிட்டது. கொசு இறக்கை அளவு. பின்னலில் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அயர்னைக் கீழே வைத்தேன்.

"எந்தக் காலு?" என்றேன்.

பையன் சர்க்யூட் படத்தைப் புரட்டினான்.

"கணக்கு போர்டுலேர்ந்து ரேடியோவுக்கு வர லைன்க்கா. சத்தம் போடச் சொல்றதே இதான்."

நாற்பதில் முப்பது கால் சும்மா இருந்தன என்று பிறகு அவனே சொன்னான். போனது இது.

அழுது பயனில்லை. நாற்பதாவதை எடுத்தேன். கனெக்டர் முழுசாக வந்தது. கவிழ்த்து மறுபக்கம் செருகி நாற்பதுக்கும் ஈயம் வைத்தேன். அந்த ஒரு காலுக்கு மட்டும், ஆன்டெனா ஒயரிலிருந்து ஒரே ஒரு இழையை எடுத்து, அதன் செம்புக் கோடு போர்டில் எங்கே போகிறதோ அங்கே சுரண்டி, இரண்டு முனையும் ஒட்டினேன். தலைமுடி மாதிரி இருந்தது. மேலே ஒரு சொட்டு நகப்பாலீஷ். அவளுடையது, சிவப்பு. காய்ந்தால் இழை ஆடாது.

மூன்று மணிக்கு அடுக்கினோம். ஐந்து சதுரமும் ஒரே மூலையில் நின்றன. சோதனை ஒயர் செருக, பெட்டியின் அடியில்தான் வெட்டு இருந்தது. கனெக்டர் கால் அந்த வெட்டில் வர வேண்டும் என்றால், போர்டுகளைக் கவிழ்த்துத்தான் உள்ளே விட முடிந்தது. சாமான் எல்லாம் கீழே பார்த்துத் தொங்கின.

"வௌவால் மாதிரி கீது" என்றார் வீட்டுக்காரர். பேச அனுமதி கிடைத்திருந்தது.

பையன் ஸ்விட்சைப் போட்டுவிட்டு, சத்தத்தைப் பிடிக்கிற ரிசீவரைப் பையிலிருந்து எடுத்துத் திருகினான். பீப் என்றது. இன்னொரு பீப். அவன் என் வீட்டுக்காரரைக் கட்டிப் பிடித்துத் தூக்கப் பார்த்தான். முடியவில்லை. சரக்கு ஏற்றுகிற உடம்பு.

"அக்கா, நாளைக்கு நீங்களும் வரணும்" என்றாள் அவள். "அந்த இழை விட்டுப்போச்சுன்னா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

அரை நாள் லீவு போட்டேன். ஏழு வருஷத்தில் மூன்றாவது லீவு. என் பக்கத்து சீட்காரி சூப்பர்வைசரிடம் நான் சாட்டிலைட் விடப் போயிருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். அவர் நம்பாமல், வயிற்று வலி என்று எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை காட்டாங்குளத்தூர் ரயிலில் அவள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். குலுங்கும்போதெல்லாம் உடம்பால் தாங்கினாள். நான் சால்டரிங் அயர்னை மஞ்சள் பையில் வைத்திருந்தேன்.

காலேஜில் பெரிய அறை. ஐந்து மாணவர்களும் சுவர் ஓரம் நின்றார்கள். என்னைக் கதவுப் பக்கம் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். எக்ஸாமினர் வயதானவர், வெள்ளைச் சட்டை. பெட்டியைக் கையில் எடுத்தார். காதருகே கொண்டுபோனார். தேங்காயைப் பார்ப்பது போல நன்றாக நாலு குலுக்குக் குலுக்கினார்.

எனக்கு இழைதான் நினைவு. பையன் கண்ணை மூடிக்கொண்டான்.

"உள்ள லூஸா எதுவும் இல்ல" என்றார் அவர். பெட்டியை மேசையில் வைத்தார். "போடுங்க."

பையன் போட்டான். அறையின் அந்தக் கோடியில் ரிசீவர் இருந்தது. அதில் கொரகொரவென்று சத்தம் மட்டும்தான் வந்தது. வேறு எதுவும் வரவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் மஞ்சள் பையில் கை விட்டேன்.

பிறகு பீப் என்றது. கொஞ்சம் விட்டு இன்னொன்று. தவறாமல் வந்துகொண்டே இருந்தது. போட்டதும் கணக்கு போர்டு விழித்துக்கொள்ளப் பத்து நொடி ஆகுமாம். அதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

எக்ஸாமினர் பெட்டியின் திறந்த பக்கம் வழியாக உள்ளங்கையைச் சூடு பார்க்கிற போர்டின் ஓரத்தில் வைத்தார். பீப் வேகமானது. கையை எடுத்தார். மெதுவானது. அவருக்கு அது பிடித்துவிட்டது. இன்னும் இரண்டு தடவை வைத்து வைத்து எடுத்தார். பிறகு குனிந்து உள்ளே பார்த்தார்.

"படத்துல எல்லாம் மேல பாத்து இருக்கு. இங்க ஏன் எல்லாம் தலைகீழா தொங்குது?"

அவள் கண்ணாடியைச் சரி செய்துகொண்டாள்.

"ஸ்பேஸ்ல மேல் கீழ் கிடையாது சார்."

எக்ஸாமினர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். அவர் வாய் ஓரம் அசைந்தது.

"சரி. இந்தச் சிவப்பு?"

"ரிப்பேர் சார்."

அவர் பேனாவை எடுத்தார். அத்தோடு முடிந்திருக்கும். பையனால் அடக்க முடியவில்லை.

"சார், என்னோட போர்டு முதல்ல கரெக்டாதான் இருந்துச்சு."

அவள் அவன் காலை மிதித்தாள். நன்றாகவே தெரிந்தது.

"அப்ப ஏன் மாத்தினே?" என்றார் எக்ஸாமினர்.

"மத்த நாலும் தப்பு சார்."

"அதுக்கு?"

"எல்லாம் சேர்ந்து நிக்கணுமே சார்."

எக்ஸாமினர் சத்தமாகச் சிரித்தார். பக்கத்தில் நின்ற காலேஜ் வாத்தியாரும் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யார் என்ன சொல்கிறார்கள் என்றே தெரியவில்லை. கேன்டீனில் எனக்கு டீயும் இரண்டு போண்டாவும் வாங்கி வைத்தார்கள். பையன் எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, சாரி. நீங்க போட்டது தப்புன்னு சார்கிட்ட சொல்லிட்டேன்."

"தப்பாத்தான் போட்டேன். துன்னு."

நான் மீதி அரை நாள் வேலைக்குப் போக வேண்டும். கண்ணாடிக்காரப் பெண் ஸ்டேஷன் வரை கூட வந்தாள். வழியெல்லாம் பெங்களூர்ப் பேச்சு. எந்த ரயில், எந்த ஹாஸ்டல், அம்மா எத்தனை கிலோ ஊறுகாய் கட்டப்போகிறாள். பிளாட்பாரத்தில் நின்றபோதுதான் சொன்னாள்.

"அடுத்த வருஷப் பசங்க இன்னும் ரெண்டு போர்டு சேக்கறாங்களாம் அக்கா. வாத்தியார் உங்களைத்தான் கேக்கச் சொன்னார். செஞ்சு தருவீங்களா?"

"தரேன்."

"கனெக்டர்..."

"மாடிலேர்ந்து கத்தக் கூடாது. எந்தப் பக்கம்னு எழுதிக் குடுக்கச் சொல்லு. நானும் கேட்டுக்கறேன்."

ரயில் வந்தது. பெண்கள் பெட்டியில் கூட்டமில்லை. ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது.